நூல் கோக்காத மிஷின்

எங்கள் ஊர் டிவி ரூமில் டிவி ஓடியதை நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி, மரக்காணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த உப்பளத்து ஊருக்கு வந்த வருஷம் அது. பஞ்சாயத்து கட்டிய ஒற்றை அறை. ஒரு வாசல், இரண்டு ஜன்னல், சுவரோடு சேர்த்துக் கட்டிய ஒரு சிமென்ட் பெட்டி, அதற்கு ஓர் இரும்புக் கதவு. சாயங்காலம் பஞ்சாயத்து ஆள் வந்து அந்தக் கதவைத் திறப்பார். ஊரே தரையில் உட்கார்ந்து பார்க்கும். மூன்றாவது முறை நான் போனபோது படம் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் டிவி ரிப்பேருக்குப் போனது, திரும்பி வரவில்லை. அதற்குள் வீட்டுக்கு வீடு கேபிள் வந்துவிட்டதால் யாரும் அதைத் தேடவும் இல்லை.

அப்புறம் எட்டு ஒன்பது வருஷம் அந்த ரூம் சும்மாவே கிடந்தது. மழைக்கு ஆடுகள் ஒதுங்கும். தேர்தல் வந்தால் நாற்காலி அடுக்குவார்கள். அந்தக் காலமெல்லாம் ஒருவரும் அதைப் பார்த்து, நீ இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டதில்லை. நாங்கள் பன்னிரண்டு பெண்கள் கேட்டு வாங்கிய பிறகுதான் எல்லாருக்கும் அந்தக் கேள்வி வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

உப்பளத்தில் வெயிலோடு போட்டி போட முடியாது. சூரியன் ஏறிவிட்டால் பாத்தியிலிருந்து எழும் வெள்ளை கண்ணுக்குள் புகுந்து மண்டையின் பின்பக்கம் வரை வலிக்கும். ஆகவே விடிய வெகு நேரம் இருக்கும்போதே போய், பத்து மணிக்குள் கரை ஏறிவிடுவோம். அப்படியென்றால் இரண்டரை மணிக்கு எழ வேண்டும். எங்கள் தெருவை எழுப்புவது என் வேலை. யாரும் என்னை நியமிக்கவில்லை, என் வீடு தெருமுனையில் இருந்தது, அவ்வளவுதான். இருட்டில் ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, முதல் கூப்பிடலுக்கு ‘ஏன்’ என்று பதில் குரல் கொடுக்கவும் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அதனால் ஒரு கூழாங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு மூன்று தட்டு தட்டிக்கொண்டே போவேன். பதினோரு கதவு. கடைசிக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினால் முதல் கதவுக்காரி மறுபடி தூங்கியிருப்பாள். எழுப்புகிறவளுக்கு மற்ற எல்லாரையும்விட அரைமணி தூக்கம் குறைவு. ராத்திரியிலோ சமையல், பாத்திரம், பிள்ளைகளின் பாடம் எல்லாம் முடிந்து படுக்கப் பதினொன்று ஆகும்.

பகலில் தூங்கலாமே என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் மாவு மில் ஓட்டுகிறவர். மில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல இருந்தது. பெல்ட் போட்டால் வீட்டில் தட்டு டம்ளரெல்லாம் ஆடும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மத்தியானத்தில் தோசைக்கல் மாதிரி காயும். மில்லை நிறுத்தச் சொன்னால் என் அடுப்பும் நின்றுவிடும். யாரிடம் சண்டை போடுவது? மற்றவர்கள் வீட்டில் மில் இல்லை, வேறு ஏதோ ஒன்று இருந்தது. பகலில் ஒரு பெண் படுத்தால் பார்க்கிறவர் எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பகல் தூக்கம் தரித்திரம், விளக்கு வைக்கிற வீட்டில் பொம்பளை கவிழ்ந்து படுக்கலாமா, இப்படி. இரண்டரைக்கு எழுந்தவளுக்குப் பகல் ஒன்றரை என்றால் பதினொரு மணி நேரம் விழித்தாயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது.

தூங்காமல் தூங்காமல் நான் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தேன். உப்பு வாரும் பலகையின் கழியில் நெற்றியை வைத்தால் போதும். அப்படி ஒருநாள் தூக்கத்திலேயே நடந்து வரப்பில் கால் வைத்தேன். வரப்பு உடைந்தது. பக்கத்துப் பாத்தியின் இன்னும் உப்பேறாத இளம் தண்ணீர், உப்பு விளைந்த பாத்திக்குள் புகுந்து, அன்று வார வேண்டிய உப்பு என் கண்ணெதிரே கரைந்து போயிற்று. மேஸ்திரி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்கம்மா. எனக்கும் மொதலாளிக்கு பதில் சொல்லணும் இல்ல?” என்றார்.

எங்களுக்கு வேறு இடம் ஏது? அதனால் அந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் என்பது சோறு மாதிரி ஆகிவிட்டது. எப்படியாவது சம்பாதித்தாக வேண்டும்.

அந்த வருஷக் கடைசியில்தான் கடல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாங்கள் அளத்தில் இல்லை. கடலோரக் குப்பங்களில் நடந்ததை நான் எழுத மாட்டேன், எழுதும் உரிமை அங்கே இருந்தவர்களுக்குத்தான் உண்டு. எங்கள் அளத்தில் தண்ணீர் புகுந்து, குவித்து வைத்த உப்பெல்லாம் போய், வரப்பெல்லாம் படுத்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. குப்பத்து ஜனங்கள் அதைத் தொடவில்லை. கடலுக்கு எல்லாவற்றையும் கொடுத்தவர்கள், முன்பின் தெரியாதவர் உடுத்திக் கழித்ததை எதற்குத் தொட வேண்டும்? சாலையோரம் கிடந்த மூட்டைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தலைவர், அதாவது எங்கள் பஞ்சாயத்துத் தலைவர், டிவி ரூமில் போட்டு அடைத்தார். நானும் அந்தப் பதினோரு கதவுக்காரிகளும் சேர்ந்த எங்கள் மகளிர் குழுவைக் கூப்பிட்டு, நல்லது கெட்டது பார்த்துப் பிரித்து வையுங்கள் என்றார்.

பிரித்தோம். ஸ்வெட்டர், கோட்டு, கம்பளித் தொப்பி, குளிருக்குப் போடும் கை உறை. எங்கள் ஊரில் மார்கழியில் கூட ஒரு துண்டு போதும். யாரோ எங்கோ ஒரு குளிரான ஊரில் நல்ல மனசோடு அலமாரியைக் காலி செய்திருக்கிறார்கள். ஒரு கோட்டுப் பையில் நான் கை விட்டபோது காய்ந்த இலை ஒன்று இருந்தது. என்ன மரத்து இலை என்று பன்னிரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஸ்வெட்டர் குவியலில் சாய்ந்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. சுற்றிலும் குவியல் குவியலாகப் பதினோரு பேரும் கிடந்தார்கள். ஜன்னலில் மூட்டை அடைத்திருந்ததால் உள்ளே அரை இருட்டு. ஏதோ ஒரு சத்தம் குறைகிறதே என்று யோசித்தேன். மில் சத்தம் அங்கே கேட்கவில்லை. ஊரின் மறு கோடி அது. கம்பளி வாசனையும் அந்நியப் பெட்டிகளின் பூச்சி உருண்டை வாசனையும் கலந்து வந்தது. நான் மூன்று மணி நேரம் தூங்கியிருந்தேன். கல்யாணமான பிறகு பகலில் நான் தூங்கிய முதல் தூக்கம் அது. எழுந்து உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமல் அழுதேன்.

பக்கத்தில் பிரம்மதேசத்து அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். நெல் விளைகிற பிரம்மதேசத்தில் பிறந்து உப்பு வார வாக்கப்பட்டு வந்தவர் என்பதால் அவருக்கு அதுதான் பேர்.

“இன்னாடி ஆச்சு?”

“தூங்கிட்டேன்க்கா.”

“அதுக்கு அழுவுவாங்களா? தூங்காதவ அழுவணும். திரும்பிப் படு.”

இந்த ரூமைக் கேட்டு வாங்கினால் என்ன என்று முதலில் சொன்னது யார் என்பதில் எங்களுக்குள் இன்றும் வழக்கு உண்டு. நான்தான் என்று நான் சொல்வேன். எப்படியோ, குடியரசு தினத்துக் கிராமசபையில் எங்கள் குழுத் தலைவி அக்கா எழுந்து நின்றார். மாதா கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற கணீர்க் குரல் அவருக்கு. சும்மா கிடக்கிற டிவி ரூமை எங்கள் குழுவிடம் விட்டால் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார். அந்தச் சமயத்தில் அரசாங்கத்துக்கும் மக்கள் குழுக்களிடம் கட்டிடங்களை ஒப்படைக்கும் ஆர்வம் இருந்தது. தலைவருக்கும் அந்தப் பழைய துணியை எங்கள் தலையில் கட்டினால் போதும் என்று இருந்தது.

“குடுக்கலாம்மா. வாங்கி இன்னா பண்ணுவீங்க?” என்றார் தலைவர்.

கணீர்க் குரல் அங்கே நின்றுவிட்டது. அத்தனை ஆண்களும் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். தூங்கப் போகிறோம் என்று எந்தப் பெண் சபையில் சொல்வாள்? தீர்மான நோட்டு எழுதுகிறவள் நான், பத்தாவது வரை படித்தவள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“தையல் கிளாஸ் நடத்துவோங்க” என்றேன்.

கை தட்டினார்கள். பொய் எவ்வளவு சுலபமாகக் கைதட்டல் வாங்கிவிடுகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மனுவிலும் அதையே எழுதினேன். குழுவைக் கேட்கவில்லை, நானாகவே எழுதினேன்.

பிளாக் ஆபீசிலிருந்து தாள் வந்தது. நிபந்தனைகள் மூன்று. பயனுள்ள பயிற்சி நடக்க வேண்டும். கட்டிடத்துக்கு வெள்ளையடித்துப் பராமரிக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து அதிகாரி வந்து பார்த்து, திருப்தி இருந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் ரூம் திரும்பப் பஞ்சாயத்துக்கே போகும். தலைவர் எல்லார் முன்னிலையிலும் தலைவி அக்கா கையில் ஒரு சாவியைக் கொடுத்தார். ரூமுக்குப் போய்ப் பார்த்தால் அது வாசல் கதவுச் சாவி இல்லை. டிவிப் பெட்டியின் இரும்புக் கதவுச் சாவி. வாசல் கதவுக்குப் பூட்டே கிடையாது. பரவாயில்லை என்று பெட்டிக்குள் தீர்மான நோட்டை வைத்துப் பூட்டினோம்.

அதற்கப்புறம் நாங்கள் செய்த காரியம் உப்பளத்துக்காரிகள் மட்டுமே செய்யக்கூடியது. ரூம் உள்ளே வெள்ளையாக இருந்தது. நாள் முழுக்க வெள்ளையைப் பார்த்துவிட்டு வந்து வெள்ளைச் சுவருக்குள் கண்ணை மூட எங்களால் முடியாது. கண்ணை மூடினாலும் இமைக்குள் வெள்ளை எரியும். எனவே உள்பக்கம் மட்டும் கரும்பச்சை அடிப்பது என்று முடிவு செய்தோம். மரக்காணம் கடையில் கலர் பவுடர் வாங்கும்போது கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார், நல்ல தண்ணீரில் கரையுங்கள் என்று. அளத்துக்கரை அடிபம்பில் தண்ணீர் பிடித்து வந்தோம். சந்தேகத்துக்கு ஆளுக்கொரு வாய் குடித்தும் பார்த்தோம். பன்னிரண்டு பேரும் ஒரே வாக்காக, நல்ல தண்ணிதான், தித்திக்குது என்றோம். உப்பிலேயே கிடக்கிற நாக்குக்கு என்ன தெரியும்?

அடித்து முடித்தபோது குளத்துக்குள் இறங்கினாற்போல இருந்தது. ஜன்னலுக்குக் கோட்டுகளைத் தைத்துத் திரை போட்டோம். ரூமில் உருப்படியாக நடந்த ஒரே தையல் வேலை அதுதான். தரையில் ஸ்வெட்டர்களைப் பரப்பி, மேலே பழைய புடவை விரித்தோம். பதினொரு மணிக்குக் குளித்துவிட்டு வந்து படுப்போம். முதலில் கொஞ்ச நேரம் யாராவது பேசுவார்கள். பிறகு பேச்சு நடுவில் நின்றுபோகும். ஒருவர் மூச்சு மற்றவர் மூச்சோடு சேர்ந்துகொள்ளும். வெளியே வெயில் மணலை வறுத்துக்கொண்டிருக்கும், உள்ளே நாங்கள் பச்சைக்கு அடியில் கிடப்போம். பிரம்மதேசத்து அக்காவின் குறட்டை தூரத்தில் படகு மோட்டார் போவதுபோல் ஏறி இறங்கும். அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் என் கை கால் தளர்கிறது.

எங்களுக்கு அங்கே ஏராளமாகக் கனவு வந்தது. வீட்டில் கனவு வருகிற அளவுக்கு யார் தூங்கினோம்? எழுந்ததும் காலி டிவிப் பெட்டியைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்துகொண்டு, “இன்னிக்கு யாரு சீரியல்?” என்று கேட்போம். தலைவி அக்காவுக்குத் தினமும் தண்ணீர்க் கனவு. ஒருநாள் அளமெல்லாம் நன்னீராகி அல்லி பூத்திருந்ததாம், மேஸ்திரி அல்லியைப் பலகையால் வாரச் சொன்னாராம். பிரம்மதேசத்து அக்காவின் கனவில் நெல் வரும், அதைக் கடித்தால் உப்புக் கரிக்கும். எனக்குக் குளிர்ந்த ஊர்கள் வந்தன. நான் படுத்திருந்த கோட்டுக்காரி போய் வந்த தெருக்களோ என்னவோ. பெயர் தெரியாத மரங்கள் இலை உதிர்க்கும் தெரு, அதில் நான் நடந்துபோவேன், கையில் கூழாங்கல் இருக்காது, யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. கனவில் அப்படி ஒரு நிம்மதி இருந்தது. ஒருநாள் கனவு வராதவள், நாளைக்குச் சேர்த்துப் போடுகிறேன் என்று கடன் சொல்வாள்.

இரண்டு மாதத்தில் சுவர் பூத்தது. முதலில் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவு. அடிபம்பு உப்புத்தண்ணீர் தன் குணத்தைக் காட்டியது. விரலால் தொட்டு நக்கிப் பார்த்த பிரம்மதேசத்து அக்கா, “நம்மளை விட்டுப் போவ மாட்டேங்குதுடி” என்றார். கரும்பச்சையில் அந்தப் பொடிப் பொடியான வெள்ளை, கண் பாதி மூடிய நிலையில் பார்த்தால் நட்சத்திரமாகத் தெரியும். வெள்ளையடிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சுவர் தானாகவே நிறைவேற்றிக்கொள்கிறது என்று நான் சொன்னேன். எல்லாரும் படுத்தபடியே சிரித்தோம்.

ஆனால் எனக்குள் அந்தப் பொய் முழித்துக்கொண்டே இருந்தது. ஊரில் கேட்க ஆரம்பித்தார்கள். தையல் கிளாஸ் எப்படிப் போகுது, எங்க வீட்டுப் பொண்ணையும் சேர்க்கலாமா. சேர்க்க வந்த ஒருத்தியிடம் இடம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அன்று என் முகத்தை எனக்கே பிடிக்கவில்லை. கடைசியில் தலைவி அக்காவின் தங்கை வீட்டிலிருந்து ஒரு பழைய கால் மிஷினைக் கொண்டுவந்து வாசலோரம் வைத்தோம். ‘மிஷின் முறை’ என்று ஒன்று ஏற்பட்டது. தினம் ஒருத்தி தூங்காமல் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். நூல் கோக்க மாட்டோம், துணியும் வைக்க மாட்டோம். சும்மா கடகடவென்று சத்தம் வெளியே போனால் போதும். அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டால் எல்லாரையும் எழுப்ப வேண்டியதும் முறைக்காரியின் பொறுப்பு. பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை ஒருத்தி தூக்கத்தைத் தியாகம் செய்தால் பதினோரு பேர் தூங்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த மிஷின் சத்தத்துக்கு எல்லாரும் இன்னும் நன்றாகத் தூங்கினார்கள். தொட்டில் ஆட்டுகிற மாதிரி அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

அப்படியே ஒரு வருஷம் ஓடியது. அந்த வருஷம் நான் வரப்பை உடைக்கவில்லை. கழியில் நெற்றியை வைத்து நிற்கவில்லை. மேஸ்திரி என்னைக் கவனிப்பதையே விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு அளத்தில் இல்லை.

அடுத்த வருஷம் தேர்தல் எல்லாம் முடிந்து, கத்திரி வெயிலில், பிளாக் ஆபீஸ் மேடம் இந்த வாரம் பார்க்க வருவார் என்று தலைவர் சொல்லி அனுப்பினார். எந்த நாள் என்று சொல்லவில்லை. நான் உள்ளூரில் நாலு வீட்டிலிருந்து தைத்த ஜாக்கெட்டுகளை இரவல் வாங்கி ஆணியில் தொங்கவிட்டேன். பொய்க்கு வருகைப் பதிவேடு கூடத் தயார் செய்தேன். பிரம்மதேசத்து அக்கா படுத்தபடி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏண்டி, உண்மையைச் சொல்லிட்டா இன்னா ஆவும்?”

“ரூம் போய்டும்க்கா. அப்புறம் நான் மறுபடி வரப்புல தூங்கணும், வேலையும் போவும்.”

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. எல்லாருக்காகவும் நான் ஒருத்தி மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கிறேன், இவர் சாவகாசமாகக் கேள்வி கேட்கிறார் என்று.

அந்த வாரம் பார்த்து என் சின்ன மகளுக்குக் காய்ச்சல். இரண்டு ராத்திரி நான் கண்ணை மூடவில்லை. பகலில் அவள் பக்கத்திலேயே இருந்ததால் ரூமுக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று என் மிஷின் முறை. நான் பார்க்கிறேன் என்று இரண்டு பேர் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. மேடம் இன்றைக்கு வந்துவிட்டால் பேசுவதற்கு என்னைவிட யார் இருக்கிறார்கள் என்ற திமிர்தான். எல்லாரும் படுத்தார்கள். நான் மிதிக்க ஆரம்பித்தேன். காது முழுக்க ரோட்டில் இருந்தது, ஜீப் வருகிறதா என்று. சுவரில் உப்பு நட்சத்திரம் மினுங்கியது. கடகட, கடகட. கொஞ்ச நேரத்தில் மிஷினின் இரும்பு கன்னத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அந்தப் பெயர் தெரியாத மரத்தடித் தெரு வந்தது.

விழித்தபோது ரூமில் யாரும் இல்லை.

ஸ்வெட்டர்கள் அப்படியே கிடந்தன. ஜன்னல் திரை வழியாக மஞ்சள் வெயில் கோடாக விழுந்திருந்தது. அந்த வெயிலைப் பார்த்தாலே மணி ஐந்தாகிவிட்டது தெரிந்தது. ஆணியில் மாட்டிய ஜாக்கெட்டுகளைக் காணோம். டிவிப் பெட்டியின் கதவு திறந்து கிடந்தது, உள்ளே நோட்டு இல்லை. மேடம் வந்து போய்விட்டார், ரூம் போய்விட்டது, என்னால்தான் போனது என்று அந்த நொடியில் எனக்குச் சந்தேகமே இல்லை. வரப்பு உடைந்த அன்று கரைந்த உப்பு கண்ணுக்குள் வந்தது. எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

எதிரே புங்க மரத்தடியில் பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இரவல் ஜாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுப்பதற்காக மடித்து வைத்திருந்தார்கள். செருப்பு எல்லாம் மரத்தடியில் வரிசையாக இருந்தது. சத்தம் கேட்காமல் இருக்கக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்கள்.

“எழுந்துட்டியா? டீ வாங்கியாரச் சொல்லவா?” என்றார் தலைவி அக்கா.

“மேடம் வந்தாங்களா?”

“வந்தாங்க, போயிட்டாங்க.”

“ஜீப் சத்தமே கேக்கலையே!”

“பஸ்ஸுல வந்து எறங்கி கொடை புடிச்சிக்கினு நடந்து வந்தாங்க. ஜீப்பு ரிப்பேராம்.”

“ஏன் என்னை எழுப்பல?” நான் கத்தினேன். உண்மையாகவே கத்தினேன். “பேசறதுக்கு நான் இருக்கேன்ல? நோட்டு எழுதறவ நான்தானே? இப்ப ரூமே போச்சுல்ல!”

யாரும் கோபப்படவில்லை. தலைவி அக்காதான் நடந்ததைச் சொன்னார். மேடம் வாசலில் வந்து நின்றபோது நான் மிஷின் மேல் தலை வைத்துக் கிடந்தேன். மற்ற பதினோரு பேரும் தரையில் நல்ல தூக்கம். வாசலில் நிழல் விழுந்ததும் முதலில் விழித்தது பிரம்மதேசத்து அக்கா. மேடம், யாராவது இருக்கீங்களா என்று குரல் கொடுக்கப் போக, அக்கா உதட்டில் விரலை வைத்து, எழுப்பாதீங்கம்மா, அது தூங்கி ரெண்டு நாளாவுது என்று சொல்லி அவரை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வொருத்தியாக எழுந்து பூனை நடை நடந்து வந்திருக்கிறார்கள். தையல் கிளாஸ் எங்கே என்று மேடம் கேட்டபோது, இன்றைக்கு லீவு என்று தலைவி அக்கா ஆரம்பித்திருக்கிறார். பிரம்மதேசத்து அக்கா நடுவில் புகுந்தார்.

“தூங்கறதுக்குத்தாம்மா வாங்கனோம்னு சொல்லிட்டேன்” என்றார் அவர் என்னைப் பார்த்து. “ரெண்டரைக்கு எழுறோம், பத்துக்கு வர்றோம், வூட்ல படுக்க முடியலன்னு சொன்னேன். அந்தம்மா ரொம்ப நேரம் அளத்தையே பாத்துக்கினு இருந்துது. அப்புறம், உங்களை யாரு எழுப்புவாங்கன்னு கேட்டுது. உள்ள தூங்குதே, அதுதான்னு காட்டனேன்.”

அதற்கு மேடம், இதை முதலிலேயே பெண் தொழிலாளர் ஓய்வறை என்று எழுதியிருந்தால் யார் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் என்று கேட்டாராம். எழுந்து போய் வாசலில் நின்று என்னையும் சுவரையும் இன்னொரு முறை பார்த்தாராம். உள்ளே எந்தக் கலர் வேண்டுமானாலும் இருக்கட்டும், வெளியே மட்டும் வெள்ளையடித்துவிடுங்கள், பார்க்க வருகிறவர்களுக்காக, என்றாராம். பிறகு தீர்மான நோட்டைக் கேட்டிருக்கிறார். இங்கே என்ன நடக்கிறதோ அதை எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று.

“எழுதறவ தூங்கறாளேன்னு சொன்னோம்” என்றார் தலைவி அக்கா. “தெரிஞ்சவங்க எழுதுங்கன்னுட்டாங்க.”

என் கையில் நோட்டைக் கொடுத்தார்கள். ஒரு வருஷமாக அதில் என் எழுத்து. இத்தனையாவது தையல் வகுப்பு நடைபெற்றது, உறுப்பினர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர் என்று பக்கம் பக்கமாக, அழகான சாய்ந்த எழுத்து. கடைசிப் பக்கத்தில் வேறு எழுத்து. முதியோர் கல்வி வகுப்பில் பிரம்மதேசத்து அக்கா கற்றுக்கொண்ட எழுத்து. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் கோட்டை விட்டு எழும்பி நின்றது. பேனாவை அழுத்திய அழுத்தத்தில் பின்பக்கத் தாளும் பள்ளமாகியிருந்தது.

‘நாங்க இங்க தூங்கறோம். தெனமும் தூங்கறோம். எல்லாருக்கும் சம்மதம்.’

அவ்வளவுதான் தீர்மானம். கீழே மேடத்தின் கையெழுத்து, ஆபீஸ் முத்திரை. அதற்கும் கீழே உறுப்பினர்கள் வரிசை, ஒன்று முதல் பன்னிரண்டு வரை. பதினோரு பேரும் போட்டிருந்தார்கள், இரண்டு பேர் கைநாட்டு. என் எண் ஒன்பது. ஒன்பதுக்கு நேரே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், அதே எழும்பி நிற்கிற எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது.

‘தூங்குது.’

நான் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து கலங்கியது. தினம் பதினோரு கதவைத் தட்டுகிறவளைத் தட்டாமல் விட்டுவிட்டு, பதினோரு பேரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

“பக்கத்துல எடம் இருக்குது பாரு, கையெழுத்தை போட்டுடு” என்று தலைவி அக்கா பேனாவை நீட்டினார்.

வேண்டாங்க்கா, அதுவே இருக்கட்டும் என்றேன். நோட்டைக் கொண்டுபோய் டிவிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து, மரத்தடியில் அவர்களோடு உட்கார்ந்தேன்.